திருத்தச் சுற்று

கல்வீட்டுக்குச் சதுரம்,
கூரை வீட்டுக்கு முக்கோணம்.
ஆற்றை எப்படிப் போடுவது என்று
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.
நெளிகோடு இழுத்து 'நரியோடி' என்று எழுதினேன்.
மேட்டூர் பூட்டி ஒரு மாதம்;
நெளிகோட்டுக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.

ஊர்ப் பெயர் தென்கரைவாய்.
ஆறோ ஊருக்குத் தெற்கே கிடக்கிறது.
பெயர் வைத்தவர்களுக்குத் திசை தெரியாமலில்லை.
எந்தக் காலத்து ஐப்பசியிலோ
ஆறுதான் இரவோடிரவாக
இந்தப் பக்கம் புரண்டு படுத்துவிட்டது.
பழவாறு இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு.
போர் இறக்கினால் நாற்பதடியில் ஆற்றுமணல்.
டீக்கடைத் தம்புசாமி சொல்வார்:
'டீயை விடுங்க டீச்சர், தண்ணி நல்லாருக்கும்.'

பேரூராட்சியின் மஞ்சள் பலகையில்
பரப்பளவு பதினொரு சதுர கிலோமீட்டர்,
மக்கள்தொகை எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து
கடைசி இரண்டு இலக்கத்தின்மேல்
கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறது.

கோயில் வடக்குச் சுவரிலும் ஒரு கணக்கு உண்டு.
எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் படிக்கலாம்:
நந்தா விளக்கு ஒன்று,
அதன் நெய்க்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.
செத்ததைக் கழித்துக் குட்டியைச் சேர்த்துத்
தொண்ணூறு எந்நாளும் தொண்ணூறாகவே நிற்கவேண்டும்.
மேய்த்தவன் பேர் வருகிற இடத்தில்
மின்வாரியம் மீட்டர்ப் பெட்டி அடித்திருக்கிறது.

என் பங்கு தொகுதி பதினான்கு.
மேலத்தெருவில் பாதி, ராவுத்தர் தெரு முழுக்க,
ரயிலடி, பழவாற்றுப் புறம்போக்கு.

ஜுலைகா பீவி மூன்று மகன்கள் பேரையும் சொல்லிவிட்டு
'எழுதாதீங்க, மூணும் ஷார்ஜா' என்றாள்.
திருப்பூர் போனவர்களைத் திருப்பூர் எண்ணிக்கொள்ளும்.
'இங்க யாரும் தங்கறதில்ல' என்றார் ரைஸ்மில் முதலாளி.
குடோனுக்குப் பின்னால் கொடியில் பதினொரு லுங்கி.
வரிசையாக வந்து நின்றார்கள்.
தாய்மொழி கேட்டேன். 'மைதிலி' என்றான் ஒருவன்.
பெண்சாதி பேரென்று நினைத்து
வேறு கட்டத்தில் எழுதி, பிறகு அடித்தேன்.

புறம்போக்கில் பதினெட்டு முக்கோணம்.
ரெவின்யூ வரைபடத்தில் அந்த இடம் இன்னும் தண்ணீர்.
காகிதப்படி அவர்கள்
நாற்பது வருஷமாக ஆற்றுக்குள் குடியிருக்கிறார்கள்.
பஸ் ஸ்டாண்டும்தான்.
அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு ராத்திரி
ரயிலடியில் டார்ச்சோடு நின்றேன்.
வீடற்றவர் இருவர். ஒருவர் பேர் சொல்ல மறுத்தார்.
பன்னிரண்டு மணிக்குக் கணக்கு நின்றது.

மார்ச் இரண்டு, திருத்தச் சுற்று.
செங்கமலம் வீட்டு வாசலில்
வாடகைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பக்கிரிசாமி, அறுபத்தெட்டு, விவசாயக் கூலி;
என் கையெழுத்தில் முதல் வரி.
நள்ளிரவுக்கு முன்பென்றால் அடிக்க வேண்டும்.
பின்பென்றால் இருக்கலாம்.
கேட்க வாய் வரவில்லை. எதுக்கு வந்தீங்க என்று
அவளே கேட்டாள். சொன்னேன்.

'பதினொன்றே முக்கால் இருக்கும்' என்றான் மகன்.
'நீ தூங்கிட்டடா. சரக்கு வண்டி போச்சு.
கண்ணத் தொறந்து, கரி வண்டியான்னாரு.
ஆமான்னேன். அதுக்கப்புறந்தான்.'

சரக்கு வண்டிக்கு நேரம் பன்னிரண்டு இருபது.
இந்தத் தெருவின் கடிகாரமே அதுதான்.
அன்றைக்கு மட்டும் அது சீக்கிரம் வந்தது.
பதினொன்று நாற்பது.
நடைமேடையில் கரித்தூசி என் கண்ணில் விழுந்தது.

பேனாவை மூடினேன்.

எதிர்வீட்டில் மார்ச் ஒன்று விடியலில் பிறந்த பெண்.
துணி விலக்கி முகம் காட்டினார்கள்.
இவளைச் சேர்க்க வழியில்லை,
பத்து வருஷத்தில் வருவோம் என்றேன்.

தொகுதி பதினான்கு: அறுநூற்றுப் பன்னிரண்டு.

அந்தப் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள்.
இன்னும் யாரும் வரவில்லை.